கம்பம் நம்ம பக்கம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நிர்வாகத்திலிருந்து கேட்டார்கள். ஊர் நிலவரத்தை மதிப்பிடுவது எப்படி என்று எண் போட்டு, வரிசையாக, இரண்டு பக்கம் எழுதினால் போதுமாம். எண் போட்ட காகிதம் ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் அதை எழுதியதே நான்தான். அதிலுள்ள கேள்விகளையெல்லாம் ஒழுங்காகக் கேட்டு, எல்லாவற்றுக்கும் பதிலும் வாங்கி, அப்படியும் நான் குப்புற விழுந்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நம் வேலை என்னவென்று உங்கள் வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்களோ தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் என்னிடம், "வெயில் எங்க நல்லா அடிக்கும்னு பாக்குற வேலையா?" என்று கேட்டார் ஒருவர். ஜொகூரில் வெயில் எங்கேதான் அடிக்கவில்லை? இந்த நிலத்தில் சூரியத் தகடுகள் வைக்க நில அலுவலகம் விடுமா, நகராண்மைக் கழகம் விடுமா, அந்தத் தொகுதியில் ஜெயித்த வைபிக்கு, அதாவது சட்டமன்ற உறுப்பினருக்கு, இதில் சம்மதமா, அடுத்த தேர்தலில் அவரே இருப்பாரா, பக்கத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்து, அடியில் கையெழுத்துப் போடுவது நம் வேலை. இதைக் கல்யாண வீட்டில் விளக்கினால் சோறு ஆறிவிடும். ஆமாம், வெயில் பார்க்கிற வேலைதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

லாயாங் லாயாங் பக்கம் ஒரு பழைய செம்பனைத் தோட்டம். மரங்கள் கிழடு தட்டிவிட்டன, உரிமையாளர் நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விடத் தயாராக இருந்தார். தோட்டத்தை ஒட்டி ஒரு மலாய்க் கிராமம். நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்கும் மனுவை ஒரு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் அந்தச் சுற்றில் அப்போதைய எங்கள் நிறுவனத்துக்கு இடமில்லை. மனுவோடு என் அறிக்கையும் போக வேண்டும். நில அலுவலகம் பச்சை, நகராண்மைக் கழகம் பச்சை, வைபி மஞ்சள். வைபிகள் எப்போதுமே மஞ்சள்தான், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாக்கி இருந்தது அந்தக் கிராமம் மட்டும்.

அதற்கு முந்தின வாரம் என் கார் பட்டறையில் கிடந்தது. மின் இணைப்புக்காக இடம் பார்க்கச் செந்தில் எப்படியும் போவதாக இருந்தார். செந்தில் கோயம்புத்தூர்க்காரர், மின்பொறியாளர், எங்கள் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மரியாதையான மனிதர். எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நான் அவரைக் கூப்பிட்டு, "தம்பி, போறதுதான் போறீங்க, அப்படியே கம்பத்தையும் பாத்துட்டு வந்துருங்க" என்றேன்.

"அதுக்குத்தானுங்க மேடம் போறேன்" என்றார் அவர். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கெலாங் பாத்தா அலுவலகத்தில் இருந்தபடியே அவருக்குப் போன் போட்டேன். மடியில் அறிக்கை, கையில் பேனா. நாங்கள் பேசியதை ஒரு எழுத்து விடாமல் சொல்ல முடியும். அதற்குப் பிறகு அத்தனை முறை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"கம்பத்தப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேனுங்க மேடம்."

"எப்படி? நம்ம பக்கமா?"

"நம்ம பக்கந்தானுங்க. சந்தேகமே இல்லீங்க."

"அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாயுமா?" நான் கேட்டது கட்சி விவகாரம்.

"சாயவே சாயாதுங்க. ஆட்டிக்கூடப் பாத்தேனுங்க. கல்லு மாதிரி நிக்குதுங்க."

ஆட்டிப் பார்த்தாராம். கெட்டிக்காரர், கேள்வி கேட்டுத் துளைத்திருக்கிறார் என்று நினைத்தேன். "தலை எப்படி?" என்று கேட்டேன். கம்பத்துத் தலைவரைத்தான் கேட்டேன்.

"தலைதானுங்க கொஞ்சம் பழசு. துருப்பிடிச்சிருக்குங்க. ஆனா இன்னும் பத்து வருசம் தாங்கும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருந்தாலும் வயதில் பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேச விடலாமா? "தம்பி, நமக்குள்ள பேசுறது சரி. வெளிய அப்படியெல்லாம் பேசக் கூடாது. மரியாதையா சொல்லணும்" என்றேன்.  "சரிங்க மேடம்" என்றார். மலேசியாவில் மின்கம்பத்துக்குக்கூட மரியாதை கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னாராம்.

இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நமக்குக் கம்பம் என்றால் கிராமம். கம்போங் என்கிற மலாய்ச் சொல் நம் வாயில் கம்பமாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒயர் போகிற தூணுக்கு நாம் தியாங் என்போம், போஸ்ட் என்போம். தமிழ்நாட்டுக்காரருக்கோ அந்தத் தூண்தான் கம்பம். நான் கிராமத்தைப் பற்றி விசாரித்தேன். அவர் எங்கள் நிலத்துப் பக்கமாக, சாயாமல், தலையில் மட்டும் துருவோடு நின்ற மின்கம்பத்தைப் பற்றிப் பதில் சொன்னார். இருவரும் தமிழில்தான் பேசினோம், ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்கவில்லை என்ற எண்ணம் இருவருக்குமே வரவில்லை. நான் அறிக்கையில், 'கிராமம் நமக்குச் சாதகம். எதிர்ப்பு இல்லை. கட்சிச் சார்பு இல்லை. தலைவர் வயதானவர், ஆனால் உறுதியானவர்' என்று எழுதி, பச்சை குறித்து, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை காலையில் மேலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

அதே திங்கட்கிழமை கார் பட்டறையிலிருந்து வந்தது. வேறு ஒரு வேலையாகக் குளுவாங் போய்விட்டுத் திரும்பும் வழியில் லாயாங் லாயாங்கில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ரொட்டிக் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் பாய் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"வாங்கக்கா, வாங்க. உங்க புண்ணியத்துல புதன்கிழமைக்கு நூறு ரொட்டி ஆர்டர் வந்திருக்கு லா."

"என் புண்ணியமா? நான் என்ன பாய் பண்ணேன்?"

"உங்க சோலாருக்கு எதிரா கம்பத்துல கூட்டம் போடுறாங்கல்ல? பாலாய் ராயா மண்டபத்துல. அசார் தொழுகை முடிஞ்சதும். வைபி ஆபீசுலேர்ந்தும் ஆள் வருதாம். கூட்டம்னா ரொட்டி இல்லாம நடக்குமா?" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், "அலமாக், உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

கையிலிருந்த தே தாரிக் டீயை மேசையில் வைத்தேன். என்ன பிரச்சினையாம் என்று கேட்டேன். பாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தது. தோட்டத்துக்கு நடுவே ஒரு மண்பாதை இருக்கிறது. கம்பத்துப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், நடந்தால் பத்து நிமிடம். நாங்கள் வேலி போட்டால் அந்தப் பாதை அடைபடும். அதன் பிறகு பிள்ளைகள் பெரிய சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும். கல் லாரிகள் பறக்கிற சாலை அது, ஓரத்தில் ஒற்றை ஆள் நடக்கவும் இடம் கிடையாது. அந்தப் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை, நிலப்பட்டாவிலும் இல்லை. ஆகையால் எங்கள் கண்ணிலும் படவில்லை. நான் பச்சை குறித்துக் கையெழுத்துப் போட்டது, அந்தப் பிள்ளைகளை லாரிச் சாலைக்கு அனுப்புகிற காகிதத்தில். பாயின் கடையில் உட்கார்ந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அங்கிருந்தே செந்திலுக்குப் போன் போட்டு, "நீங்க பாத்தது எந்தக் கம்பம்?" என்று கேட்டேன். "பதினோரு கேவி கரண்டுக் கம்பம்ங்க மேடம்" என்றார். அதோடு கதை வெளியே வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். தவறு செந்தில் மேல் இல்லை. நான் கேட்டதில் ஒன்றுகூட நிஜமான கேள்வி இல்லை. எனக்கு வேண்டிய பதிலை வாயில் வைத்துக்கொண்டு, அதற்கு அவரைத் தலையாட்ட வைத்தேன். ஒரு கிராமத்துக்கு உண்மையாகவே போய் வந்தவர் ஒரு ஆளின் பெயராவது சொல்வார், யாருடைய குறையாவது சொல்வார், யார் வீட்டில் என்ன குடித்தேன் என்றாவது சொல்வார். இது எதுவுமே இல்லாமல், நம்ம பக்கம், உறுதி, சாயாது என்று மட்டும் ஒருவர் சொன்னால் அவர் தூணைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். தமிழே தெரியாதவர்கள்கூட நிறையப் பேர் தூணைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மேலாளரிடம் போய், மின்கம்பக் குழப்பம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் வெள்ளிக்கிழமை அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கூட்டம் புதன்கிழமைதானே? இன்றைக்கே மனுவைக் கொடுத்துவிடுவோம். உள்ளே போன பிறகு எதிர்ப்பு வந்தால் அது வேறு கோப்பு. நீங்கள் எழுதியபோது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதானே?" என்றார்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. பட்டாவில் பாதை இல்லை, எழுதியபோது எனக்குத் தெரியாது, யாரும் என்னைக் கேட்க முடியாது.   எனக்குப் பயமும் இருந்தது. ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன, வீட்டுக் கடன் முடியவில்லை. கடைசியில் மேசையிலிருந்த அறிக்கையை எடுத்து, என் கையெழுத்து இருந்த பக்கத்தைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப யாரு கையெழுத்துப் போடுறது?" என்றார்.

"தெரியல பாஸ். நான் கம்பத்துக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்."

"எந்தக் கம்பம்?" என்றார் அவர், தமிழிலேயே. அவர் சீனர். எங்களோடு இருந்து இருந்து தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போய் வாருங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை செந்திலையும் அழைத்துக்கொண்டு போனேன். பாலாய் ராயா நிரம்பி வழிந்தது. பாயின் ரொட்டிகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கம்பத்துத் தலைவரைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு அடி. வயதானவர் என்று எழுதினேனே, அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. நாங்கள் வந்தபோது வாசலில் சிவப்பு மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கிய இளைஞர் அவர்தான். பதவிக்கு மரியாதையாக எல்லோரும் அவரைத் தோக் என்று கூப்பிட்டார்கள். என்னைவிட இருபது வயது இளையவரை நானும் தோக் என்றேன்.

என்னைப் பேசச் சொன்னார்கள். வரும் வழியில் மலாயில் நல்ல பேச்சு ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். பசுமை, எதிர்காலம், வேலை வாய்ப்பு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அங்கே நின்றபோது தோக் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எங்களைப் பத்தி உங்க காகிதத்துல என்ன எழுதினீங்க?"

கைப்பையிலிருந்து அந்தக் கிழித்த பக்கத்தை எடுத்தேன். படிக்காமல் மழுப்பியிருக்கலாம். படித்தேன். கிராமம் நமக்குச் சாதகம் என்றதும் முணுமுணுப்பு கிளம்பியது. எதிர்ப்பு இல்லை என்றதும் நாற்காலிகள் நகர்ந்தன. தலைவர் வயதானவர் என்றதும் எல்லோரும் தோக்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் தமிழில் கம்போங்குக்கு என்ன சொல், இந்தத் தம்பியின் தமிழில் தியாங்குக்கு என்ன சொல், நாங்கள் போனில் பேசிக்கொண்டது என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் துரு என்பது வரை சொல்லிவிட்டேன்.

 முன்வரிசையில் இருந்த பள்ளி உணவகத்து மக்சிக், வயதான மலாய் அம்மா ஒருவர், முதலில் சிரித்தார். அவர் சிரிப்பு பெரிய சிரிப்பு, மண்டபத்தையே தொற்றிக்கொண்டது. தோக் தன் சொங்கோக் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்து, "துரு இல்லையே" என்றார். செந்திலுக்கு ஒரு வார்த்தை மலாய் தெரியாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். உங்கள் கம்பத்தைப் பற்றித்தான் என்றேன்.

சிரித்ததால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சிரித்து முடித்ததும் அந்த மக்சிக் எழுந்து நின்றார். "நல்லாச் சிரிச்சாச்சு. என் பேரன் நாளைக்கு எந்த வழியா ஸ்கூலுக்குப் போறது? அதைச் சொல்லுங்க" என்றார்.  எல்லோரும் பதிலுக்காக என்னையே பார்த்தார்கள்.

வேலியைத் தள்ளிப் போட முடியுமா என்று செந்திலிடம் தமிழில் கேட்டேன். அவர் வரைபடத்தை மேசையில் விரித்து, என் வழியாகத் தோக்கை விரலால் பாதையைக் காட்டச் சொல்லி, பாதை வெளியே இருக்கும்படி வேலிக் கோட்டை மாற்றி வரைந்தார். சில வரிசைத் தகடுகள் போகும் என்றார். எவ்வளவு என்று பிறகு பார்க்கலாம் என்றேன். வெளியே போய் மேலாளரைப் போனில் அழைத்தேன். அவர் பத்து நிமிடம் கத்தினார். பிறகு வைபி அலுவலகத்து ஆள் முதல் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். சரி, பாதையை விட்டுவிடுங்கள் என்றார்.

உள்ளே வந்து சொன்னேன். தோக் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தன் கையெழுத்தில் மலாயில் எழுதினார். பாதை திறந்திருக்கும் வரை எங்களுக்கு எதிர்ப்பு இல்லை. பாதை அடைபட்டால் எதிர்ப்பு உண்டு. அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"கம்பெனி சார்பா முத்திரை அப்புறம் போட்டுத் தர்றோம் தோக்" என்றேன்.

"கம்பெனி இன்னைக்கு இருக்கும், நாளைக்கு வேற ஆளுக்கு வித்துட்டுப் போயிடும். கம்பெனியை எனக்குத் தெரியாது. உங்களைத்தான் தெரியும். நீங்க போடுங்க. போன் நம்பரும் எழுதுங்க."

நம் வேலையில் தனிப்பட்ட பெயரில் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. உங்கள் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அதுதான் சரியான விதி. வழக்கறிஞர்கள் கேட்டால் நான் இதை உங்களுக்குச் சொல்லவே இல்லை. ஆனால் அந்த மக்சிக் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டேன், நம்பரும் எழுதினேன். மனசு என்னவோ லேசாக இருந்தது. அதற்குப் பிறகு ரொட்டி கொடுத்தார்கள். எனக்கு எதிராக ஆர்டர் செய்த ரொட்டியை நானே மூன்று சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை உட்கார்ந்து அறிக்கையைப் புதிதாக எழுதினேன். கிராமம் மஞ்சள், நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே மனு உள்ளே போனது. தடிமனான கோப்பில் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நில அலுவலக அதிகாரி தோக்கின் கையெழுத்துத் தாளை இரண்டு முறை படித்தார். அனுமதி வந்தது. மேலாளர் அந்தச் சில வரிசைகளைப் பற்றி ஒரு வருடம் புலம்பினார், பிறகு புதியவர்களிடம் அதைத் தன் யோசனை என்று சொல்ல ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை.

தோக் சொன்னதும் நடந்தது. முதல் நிறுவனம் விற்றுவிட்டது. வாங்கியவர்களும் இன்னொருவருக்கு விற்று, இப்போது அந்த இடம் உங்கள் கையில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று ஸ்கூடாயில் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலையில் போன் வந்தது, தோக்தான். குசலம் விசாரித்துவிட்டு, "பாதையில ஒரு சங்கிலி போட்டுப் பூட்டியிருக்காங்க. பிள்ளைங்க குனிஞ்சு போறாங்க, மோட்டார் போக முடியல. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தாளில் இருப்பதைத்தான் சொன்னார்.

நான் இப்போது அங்கே வேலை செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. காரை எடுத்தேன். ஸ்கூடாய் நெரிசலைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. இடத்துக் காவலரிடம் போய் அந்தத் தாளின் நகலைக் காட்டினேன். அவர் யாரையோ அழைத்துக் கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் பூட்டைத் திறந்து சங்கிலியை அவிழ்த்தார். பாதுகாப்புக்காகப் போட்டது, அலுவலகத்திலிருந்து புதிதாக வந்தவர் ஒருவர் போடச் சொன்னார் என்றார். பெயரைச் சொல்ல வந்தார், வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். அவரிடம் சொல்லிவிட்டு அந்தப் பூட்டை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவருக்கு அது யார் என்று தெரியும். பூட்டு என் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கூச்சப்படாமல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், தே தாரிக் போட்டுத் தருகிறேன். ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு தடவை லாயாங் லாயாங் போய், அந்தப் பாதையில் பள்ளிக்கூடம் வரை நடந்துவிட்டு வாருங்கள். வந்ததும், வழியில் உங்கள் எதிரே வந்த ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்பேன்.